உச்சி வெயிலில் ஊற்றிய தண்ணீர்

ஏப்ரல் 16, வியாழன்

குடைமிளகாய்ச் செடியில் ஒரு காய். இலைக்கு அடியில், சுண்டைக்காய் அளவு. பூ உதிர்ந்துபோனது என்றுதான் நேற்று நினைத்தேன். தொடவில்லை. குனிந்து பார்த்ததோடு சரி.

காலையிலேயே வெயில் சுடுகிறது. மொட்டை மாடியில் செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.

செய்தது: தக்காளிக்குக் குச்சி நட்டு அம்மாவின் பழைய சேலைக் கிழிசலால் கட்டினேன். வேப்பெண்ணெயும் சோப்பும் கரைத்து இலைக்கு அடியில் தெளித்தேன். வெள்ளை ஈ பறந்துவிட்டுத் திரும்ப வந்து உட்காருகிறது. பெயின்ட் வாளிகளில் மண்ணுக்கு மேல் போட்ட தேங்காய் நார் போதாது. இன்னும் வேண்டும்.

தக்காளியில் ஒன்று மட்டும் வெளுத்திருக்கிறது. பழுக்கப்போகிறதோ?

காய்கறி ஆட்டோ வந்தது. "உடுமலைத் தக்காளி, உடுமலைத் தக்காளி" என்று ஸ்பீக்கர் கத்தல். மில்லுக்குக் கிளம்பிக்கொண்டே அம்மா, "உன்ற தக்காளி பழுக்கறதுக்குள்ள நம்மூருத் தக்காளியே ஊடு தேடி வந்துருச்சு பாரு" என்றாள். சிரித்தேன். ஆட்டோ போன பிறகு ஒரு மாதிரி இருந்தது. இந்தச் சிங்காநல்லூரில் எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்வது அந்த ஸ்பீக்கர் மட்டும்தான்.

கீழ்வீட்டு அக்கா மீன் கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினார். மிளகாய்ச் செடிக்கு அது அவ்வளவு நல்லது. எனக்குத் தாருங்கள் என்று கேட்கலாம். பாதிப் படி இறங்கினேன். ஏறி வந்துவிட்டேன்.

அவர் பெயர் ஸ்டெல்லா. சிலிண்டர்க்காரர் கூப்பிட்டதில் தெரிந்தது. பொங்கலுக்குப் பிறகு குடிவந்தவர். துணிக் கம்பெனியில் அயர்ன் வேலை, காலை ஷிப்ட். தனி ஆள்.

அம்மாவைத் தவிர இன்று யாரிடமும் பேசவில்லை. நேற்றும்.

ஏப்ரல் 17, வெள்ளி

வயிற்று வலி. வந்துவிட்டது.

அம்மா சொன்னது: "மூணு நாளைக்கு மாடிப்பக்கம் போயிராத அம்மணி. செடி கருகிப்போயிரும். நான் வந்து தண்ணி ஊத்திப்போடறேன்."

இந்த வெயிலுக்கு வாளி மண் ஒரு நாள்கூடத் தாங்காது. சொன்னேன். "அதான் வாரேன்னு சொல்லறேனல்ல?" என்றாள்.

ராத்திரி. இரண்டு ஷிப்டும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்தாள். தலைமுடியெல்லாம் பஞ்சு. "செத்த படுத்துட்டு ஊத்தறேன் கண்ணு." சுவர் ஓரமாகச் சாய்ந்தவள்தான். வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுப்ப மனம் வரவில்லை.

ஏப்ரல் 18, சனி

அம்மா அவசரமாகக் கிளம்பிப் போய்விட்டாள். செடி ஞாபகமே இல்லை.

தெருவில் நின்று அண்ணாந்தால் கைப்பிடிச் சுவருக்கு மேல் தக்காளியின் நுனி தெரியும். தொங்கிக் கிடக்கிறது.

ஸ்டெல்லா அக்கா வேலைக்குப் போகிற நேரம் பார்த்துப் படியில் நின்றேன். சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே. பதினொன்றாம் வகுப்பிலும் இப்படித்தான். என் பெயர் வருவதற்கு முன்னாலிருந்தே "உள்ளேன் டீச்சர்" என்று சொல்லிப் பார்ப்பேன். பெயர் வந்ததும் குரல் வராது. எல்லோரும் திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். அப்புறம் பள்ளிக்கே போகவில்லை.

அவரே கேட்டார். "என்ன பாப்பா, இங்கயே நிக்கற?"

"செடிக்குத் தண்ணி..."

"என்னது?"

"மேல செடி வெச்சிருக்கறனுங்க. நான் போகக்கூடாதுங்க. மூணு நாளைக்கு."

கொஞ்சம் யோசித்தார். புரிந்துவிட்டது. "அட, அதுக்கா இந்த முழி முழிக்கற? எங்கூட்ல அதெல்லாம் பாக்கறதில்ல கண்ணு. வேல முடிஞ்சு வந்ததும் ஊத்திப்போடறேன். உன்ற பேரென்ன?"

"கௌசல்யாங்க."

"இத்தன நாளா உன்னைய ஊமைப் புள்ளைன்னே நெனச்சுட்டிருந்தேன் போ!"

சிரித்தார். நானும்.

வீட்டுக்குள் வந்து ரசம் வைத்தேன். கொத்தமல்லிகூடப் போட்டேன்.

அவர் வந்தது உச்சி வெயிலில். மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டபோதுதான் எனக்கு உறைத்தது. மாடிக் குழாய் அந்தக் கறுப்பு டேங்கில் இருந்து வருவது. இந்த நேரத்தில் அந்தத் தண்ணீரில் கை வைக்க முடியாது. அதனால்தான் நான் விடிந்ததும் ஊற்றுவேன். அதைச் சொல்லவேயில்லையே.

வாளி நிரம்புகிற சத்தம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அக்கா, வேண்டாங்க." அவ்வளவுதான் சொல்ல வேண்டும். வேலை விட்டு வந்து சோறுகூடத் தின்னாமல் ஏறியிருக்கிறார். அவரிடம் போய் எப்படி?

இறங்கும்போது வாசலில் நின்று, "வயிறு நெறைய ஊத்திட்டேன் கௌசி. யப்பா, தண்ணி என்ன கொதி கொதிக்குது, டீயே போட்டுறலாம்" என்றார்.

"சரிங்க்கா" என்றேன்.

கௌசி. இந்த ஊருக்கு வந்து யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

ஏப்ரல் 19, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து இன்றும் ஊற்றினார். அதே நேரம். இன்றும் நான் சொல்லவில்லை.



ஏப்ரல் 20, திங்கள்

தலைக்குக் குளித்துவிட்டு ஏறினேன். துணி காயப்போட அம்மாவும் கூடவே.

தக்காளி எல்லாம் வேகவைத்த கீரை மாதிரி. தண்டு வரை துவண்டு சேலைக் கிழிசலில் தொங்குகிறது. மண் ஈரமாகத்தான் இருக்கிறது. குடைமிளகாயில் இலை பாதி இல்லை. அந்தக் காய் வாளிக்குள் விழுந்து சுருங்கிக் கிடந்தது. பொறுக்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

அம்மா மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். "ஆரு தண்ணி ஊத்துனது? நீ மேல வந்தியா?"

ஸ்டெல்லா அக்கா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அம்மா கீழே இறங்கி நேராகவே கேட்டுவிடுவாள். முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்களோடு மோட்டார் போடுவதில் சண்டை. அவர்கள் காலி செய்து போகும்வரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஆமாங்மா. வந்தேன்."

"சொன்னா கேக்கோணுமல்ல? தீட்டோட வந்து நின்னா இப்புடித்தான் ஆகும்! மாசக்கணக்கா பாடுபட்டு நீயே கெடுத்துப்போட்டியே!" தெருவுக்கே கேட்கும்படி. பிறகு குரல் இறங்கிவிட்டது. என் தலையைத் துவட்டிவிட்டாள்.

"நீ ஆசையா வெச்சதுன்னுதான் சாமி சொன்னேன்."

அப்போதுதான் அழுகை வந்தது.

ஏப்ரல் 23, வியாழன்

காய்ந்த தக்காளிச் செடிகளைப் பிடுங்கினேன். வெளுத்திருந்த காய் மட்டும் சிவந்துவிட்டது. செடி சாகிறபோது அவசரமாகப் பழுத்திருக்கும்.

படியில் ஸ்டெல்லா அக்கா. "செடியெல்லாம் எப்புடி இருக்குது?"

"நல்லா இருக்குதுங்க." கையிலிருந்த தக்காளியைக் கொடுத்தேன்.

"அட! நான் ஊத்துன தண்ணியாக்கும்!" முகர்ந்து பார்த்தார். முகம் முழுக்கச் சந்தோஷம்.

எனக்கு ஒன்றும் மிச்சமில்லை.

மே 2, சனி

வாங்க வேண்டியது: வேப்பெண்ணெய், அம்மாவுக்குத் தைலம், தீப்பெட்டி.

பகலெல்லாம் மின்விசிறிச் சத்தம் மட்டும். ஸ்டெல்லா அக்கா தங்கச்சி வீட்டுக்குப் பொள்ளாச்சி போயிருக்கிறார். கீழே பூட்டு. தேவையில்லாமல் இரண்டு தடவை இறங்கிப் பார்த்துவிட்டு வந்தேன்.

மொட்டையாக நின்ற குடைமிளகாயின் கணுவில் பச்சையாக ஏதோ. தூசி என்று ஊதினேன். போகவில்லை. துளிர்.

மே 14, வியாழன்

வந்துவிட்டது. அம்மா கிளம்பும்போது, "இந்த வாட்டியாச்சும் மேல போயிராத" என்றாள். தலையாட்டினேன்.

துளிர் இப்போது விரல் நீளம். நேற்று காலை ஊற்றிய தண்ணீரோடு நிற்கிறது.

ஸ்டெல்லா அக்காவுக்கு இன்று லீவு. படிக்கட்டில் வாளியோடு நின்றார். மீன் வாசம்.

"கௌசி, மீன் கழுவுன தண்ணி செடிக்கு நல்லதாமே? கம்பெனியில சொன்னாங்க. எடுத்து வெச்சிருக்கேன். மத்தியானமா டேங்குத் தண்ணி கலந்து ஊத்திப்போடட்டுமா?"

"மத்தியானம் வேண்டாங்க்கா." என் குரலா அது என்று இருந்தது. அவ்வளவு சத்தம். "அந்நேரத்துக்கு டேங்குத் தண்ணி சுடுமுங்க. வேர் வெந்துபோயிரும். இப்பவே ஊத்தோணும்."

அவர் வாளியைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார்.

"அப்ப அன்னிக்கு நான் ஊத்துனது..."

குனிந்து வாளியின் கைப்பிடியை நிமிர்த்தினேன்.

"உங்கம்மா போட்ட சத்தம் கீழ வரைக்கும் கேட்டுச்சு. நீ மேல போனேன்னுதான சொன்ன?"

"உங்களுக்குத் தெரியாதல்லங்க."

என் தலையில் லேசாகத் தட்டினார். பிறகு, "அடி கிறுக்குப் புள்ள" என்றார், மெதுவாக. "எனக்கு எவ்வளவு ஊத்தறதுன்னும் தெரியாது. நீயே சொல்லு."

வெயில் சுவரில் பாதி இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நேரத்தில் மாடி சுட ஆரம்பித்துவிடும்.

வாளியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன்.