பட்டனை மட்டும் சத்தமா சொல்லுங்க

ஏங்க, சாப்பாடு மேசைமேல இருக்கு. குட்டிம்மாவுக்குத் தனியா மசிச்சு மூடி வெச்சிருக்கேன்.

அவளுக்கு மாற்றுத்திறனாளி உதவித்தொகை தர்ற ஆபீஸ்ல இருந்து அந்தம்மா இன்னைக்கு மறுபடி பார்க்க வர்றாங்க. போன தடவை "எங்க பொண்ணு எல்லாம் தானே பண்ணிக்குவா"ன்னு நான் அளந்துவிட்டேன். அவங்க அதை அப்படியே எழுதிக்கிட்டுப் பணத்தைப் பாதியா வெட்டிட்டாங்க. தவளை தன் வாயால கெட்டுச்சாம். நீங்க ரெண்டு நாளா பேசாம இருக்கறதும் நியாயம்தான். ஆனா பெத்த பொண்ணை அடுத்தவங்க முன்னாடி முடியாதவன்னு சொல்ல எனக்கு வாய் வரலயே!

நீங்க உள்ளதைச் சொல்லுங்க. சட்டையில கையை நுழைக்க நாம பிடிச்சுக்கணும், ராத்திரி திருப்பிப் படுக்க வைக்கணும், எல்லாத்தையும். நான் இருந்தா திரும்பவும் பீத்திக்குவேன். அதான் லீவுகூட போடாம வேலைக்கு ஓடிட்டேன்.

சாவி பக்கத்து வீட்டு அக்காகிட்ட, குட்டிம்மாவும் அங்கதான் இருக்கா.

மறந்துட்டேன். காலையில மேல் பட்டனை அவளே போட்டுட்டா! பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிஞ்சுது, நான் நகரவே இல்ல. அதையும் மறைக்காதீங்க. அந்த ஒரு பட்டனைப் போட எவ்வளவு நேரமாச்சுங்கறதை அந்தம்மாகிட்ட மெதுவா சொல்லுங்க. பட்டனை மட்டும் அவ காதுல விழற மாதிரி சத்தமா சொல்லுங்க.