ஆம்ப்ளிஃபயருக்கு நெயில் பாலிஷ்

கருகிய வார்னிஷ் வாடை இன்னும் என் விரல்களை விட்டுப் போகவில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்தாயிற்று, மண்ணெண்ணெயும் தொட்டுப் பார்த்தாயிற்று. கடையில் இந்த வாடை வந்தாலே நீ பெஞ்சுக்கு அந்தப் பக்கம் நின்று, "லேய், என்னைப் பாக்காத, நான் ஒண்ணும் செய்யலை" என்று இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவாய். இந்த முறை நீ நிஜமாகவே ஒன்றும் செய்யவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கருகி வந்தது விழிஞ்ஞம் ஸ்டீபனின் கல்யாண வேனில் நீ பூட்டிய ஆம்ப். பழவங்காடியில் நம் கார் ஆடியோ கடை வாசலில் வேனைக் குறுக்கே நிறுத்திவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். "உங்க கூட்டுக்காரன் செஞ்ச பணி அல்லே இது? ரெண்டு ஓம் ஆம்பை ஒரு ஓம்ல ஓட்டியிருக்கான்னு பைபாஸ் கடைக்காரர் பாத்த உடனே சொல்லிட்டார். அவன் போயிட்டான், கரி எனக்கு!"

உன் சாவு வீட்டிலேயே ஒருவன் இதைச் சொன்னான். "எதையும் அளவுக்கு மேல ஓட்டுவான், கடைசியில தன்னையும் ஓட்டிட்டான்" என்று. நெஞ்சுவலியில் போனவனைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது? அன்று உன் அம்மா பக்கத்தில் இருந்ததால் வாயை மூடிக்கொண்டேன். இனி மூடுவதாக இல்லை.

இந்த ஒரு ஓமுக்காக உன்னோடு நான் போடாத சண்டையா? ஸ்பீக்கரின் மின்தடை, அதாவது ஓம், குறையக் குறைய ஆம்ப் கூடுதலாகக் கரண்ட் தள்ளும். சத்தம் ஏறும், சூடும் ஏறும். அதனால்தான் ரெண்டு ஓமுக்குக் கீழே போகாதே என்று ஆம்பின் மேலேயே அச்சடித்து விற்கிறார்கள். "எழுதினவன் என்ன கிறுக்கனா?" என்று கேட்பேன். "அவனுக்கு ஊர்ல உள்ள வண்டி எல்லாம் ஒண்ணு டே. நான் இந்த ஒரு வண்டியை மட்டுந்தான் பாக்கேன்" என்பாய். மீட்டர் காட்டுவது பாடாத ஸ்பீக்கரின் ஓம், பெட்டிக்குள் பாடும்போது அது ஏறும் என்பாய். எல்லாச் சுருதியிலும் ஏறாது, இறங்குகிற இடமும் உண்டு என்பேன் நான். "உண்டுல்லா? அதுக்குத்தான் இது" என்று சட்டைப் பையிலிருந்து சிவப்பு நெயில் பாலிஷ் குப்பியை எடுப்பாய். அதை வாங்கும்போது வளையல் கடைக்காரப் பெண், "யாருக்கு அண்ணா?" என்று சிரித்தாள். "ஆம்ப்ளிஃபயருக்கு" என்றாய், முகம் மாறாமல்.

ஸ்டீபனின் வேனைச் சோதிக்கப் பொன்முடிக்கு ஓட்டிப்போன நாள் நினைவிருக்கிறதா? ரேடியோவை முழுசாக ஏற்றிவிட்டு, வளைவுக்கு வளைவு வேன் சாய, பின் சீட்டுக்கு அடியில் இருந்த ஆம்பின் மேல் உள்ளங்கையை வைத்தபடியே நீ குத்தவைத்திருந்தாய். "கை பொறுக்குத சூட்டை ஆம்பும் பொறுக்கும்." பொறுக்காதபோது சத்தத்தின் அளவைக் கட்டுப்படுத்தும் அந்தக் குட்டித் திருகைக் கொஞ்சம் இறக்குவாய், மறுபடி காத்திருப்பாய். நடுவழியில் நான் இறங்கி டீ குடித்துவிட்டு வந்தபோதும் நீ எழுந்திருக்கவில்லை. மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் திருகும் ஆம்பின் மேல்தட்டும் சேருகிற இடத்தில் சிவப்பாக ஒரு சொட்டு வைத்தாய். யாராவது அதற்கு மேல் திருகினால் பாலிஷ் உடைந்து காட்டிக்கொடுக்கும். அஜாக்கிரதைக்காரன் செய்கிற வேலையா இது?

ஸ்டீபன் கத்தி முடிக்கட்டும் என்று நின்றேன். பிறகு ஆம்பைத் திருப்பி டார்ச் அடித்தேன். உன் சொட்டைச் சுரண்டியிருந்தார்கள். திருகு கடைசி வரை ஏறியிருந்தது.

"இதை யாரு தொட்டா, ஸ்டீபா?"

அவன் தலையைச் சொறிந்தான். "சவுண்டு போரா, இன்னும் வேணும்னு பார்ட்டிக்காரங்க சொன்னாங்க அண்ணா. பைபாஸ் கடையில கொஞ்சம் கூட்டித் தந்தாங்க."

அதே வேனில் ஏறி அந்தக் கடைக்குப் போனேன். ஆம்பைக் கண்ணாடி மேஜையில் 'டொம்'மென்று வைத்தேன். கடைக்காரர் சிவப்புக் கறையைப் பார்த்துவிட்டு, "ஆயுத பூஜைக்கு வச்ச குங்குமம்னு நெனச்சு சுரண்டிட்டேன்" என்றார்.

"ஸ்டீபன் வண்டியில ஆயுத பூஜையா? கண்ணாடியில ஜெபமாலை தொங்குதே, அது கண்ணுல படலியாக்கும்?"

ஸ்டீபனே சிரித்துவிட்டான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "செத்தவன் மேல பழியைப் போட்டா எழும்பி வந்து கேக்கவா போறான்னு நெனச்சீரோ? கேக்க நான் இருக்கேன். இவன்கிட்ட இப்பமே மாத்திச் சொல்லும்." அவர் சொன்னார். தான் கூட்டியதுதான் காரணம் என்று சொல்லிவிட்டு, வேர்க்காத முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஒன்று சொல்கிறேன், குதிக்காதே. ஒரு ஓமில் ஓட்டுவது சரி என்று நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை, ஒப்புக்கொள்ளவும் மாட்டேன். ஆனால் ஸ்டீபன், "அவர் வச்ச மாதிரியே வச்சுத் தாங்க அண்ணா" என்றபோது, ரெண்டு ஓமுக்கு மாற்றிக் கட்ட எனக்குக் கை வரவில்லை. எரிந்த மாஸ்ஃபெட் டிரான்சிஸ்டர்களை மாற்றினேன். உன் ஒரு ஓம் இணைப்பை அப்படியே விட்டேன்.

உன் குப்பி காய்ந்துபோயிருந்தது. வளையல் கடையில் அதே பெண், "யாருக்கு?" என்றாள். உன் பதிலையே சொன்னேன். உடனே அடையாளம் கண்டுகொண்டு, "கூட வர்ற அண்ணன் எவிடே?" என்று கேட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது டே, நட்டநடுக் கடையில், கையில் சிவப்பு நெயில் பாலிஷோடு.

இன்று ஸ்டீபன் வேனை ஓட்ட, பொன்முடி வரைக்கும் ஆம்பின் மேல் கை வைத்துக் குத்தவைத்தே போனேன். முட்டி இரண்டும் விட்டுப்போயிற்று. மேலே சேர்ந்ததும் சொட்டு வைத்தேன். நீ வைத்த இடத்தில் தட்டின் மேல் சிவப்பு இன்னும் லேசாக ஒட்டியிருக்கிறது. என்னுடையது அதற்கு ஒரு மயிரிழை கீழே. என் கை அங்கேதான் பொறுத்தது. நம் சண்டை முடிந்துவிட்டது என்று நினைக்காதே. உன் பக்கத்தையும் இனி நானே பேசிக்கொள்கிறேன்.