சாராயம் அல்ல, தரை துடைக்கும் தண்ணீர்

அனுப்புநர்
திருமதி ஆஞ்சலா,
மாதா கெபிக்குப் பின் சந்து, மூன்றாவது வீடு,
ஜீவனஹள்ளி,
பெங்களூரு.

பெறுநர்
உயர்திரு சுகாதார அதிகாரி அவர்கள்,
வார்டு சுகாதார அலுவலகம்,
பெங்களூரு.

பொருள்: 4.11.2025 அன்று என் வீட்டிலிருந்து எடுத்துச் சென்ற ஆறு டிரம்களைச் சோதித்துத் திருப்பித் தரவும், அவற்றைச் சாராயம் போன்றது என்று எழுதியதைத் திருத்தவும், அதற்கு முன் சிவப்பு மூடி இரண்டையும் இன்றே தளர்த்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். என் வயது அறுபத்தெட்டு. எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. அதனால் தமிழில் எழுதியிருக்கிறேன். இதையே என் மருமகள் ஐரின் கன்னடத்தில் எழுதிய படியையும் கூடவே வைத்திருக்கிறேன்.

1. எல்லாவற்றுக்கும் முன் ஒரு அவசரம். நீங்கள் எடுத்துப் போன ஆறில் இரண்டுக்கு மூடி சிவப்பு. அவை போட்டு இன்னும் பதினைந்து நாள்கூட ஆகவில்லை. புதிய டிரம்மைத் தினம் ஒரு தடவை மூடி திருகிக் காற்று விட வேண்டும். செவ்வாய்க்கிழமை முதல் விடவில்லை. முந்தாநாள் சாயங்காலமும் நேற்றும் உங்கள் அலுவலகத்து வாசலுக்கு வந்து, உள்ளே விடுங்கள், மூடியை மட்டும் தளர்த்திவிட்டுப் போகிறேன் என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். கைப்பற்றிய சரக்கைக் கைப்பற்றப்பட்டவரே தொட முடியாது அஜ்ஜி என்று சொல்லிவிட்டார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் டிரம்முக்குச் சட்டம் தெரியாது. யாராவது ஒருவர் மூடிமேல் கனமான துணி போட்டு, முகத்தை அப்புறம் திருப்பிக்கொண்டு, மெள்ளத் திருகச் சொல்லுங்கள். மற்ற விஷயத்தைப் பிறகு படிக்கலாம்.

2. அந்த டிரம்களில் இருப்பது மோசம்பித் தோல், வெல்லம், தண்ணீர். ஒரு கிலோ வெல்லத்துக்கு மூன்று கிலோ தோல், பத்து லிட்டர் தண்ணீர். தொண்ணூறு நாள் ஊறியபின் வடிகட்டி, ஒரு வாளித் தண்ணீருக்கு இரண்டு மூடி விட்டுத் தரை துடைக்கலாம். தோல் எல்லாம் காக்ஸ் டவுன் மார்க்கெட் பக்கம் ஜூஸ் கடை வைத்திருக்கும் பாலசுப்ரமணியன் தருவது. முன்பெல்லாம் அவர் அதைக் கறுப்புப் பையில் கட்டி மின்கம்பத்தடியில் வைப்பார். பசு வந்து பையோடு தின்னும். இப்போது வாரம் பன்னிரண்டு கிலோ என் வீட்டுக்கு வருகிறது. சக்கை செடிக்குப் போகிறது. அந்தக் கம்பத்தடியை நீங்களே வந்து பார்க்கலாம்.

3. நான் ஏன் இந்த வேலையில் இறங்கினேன் என்பதைச் சொல்ல வேண்டும். என் மகன் டெரிக்கின் மகள் நோராவுக்கு நாலு வயது. மூச்சிரைப்பு உண்டு. சென்ற வருடக் கடைசியில் மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். மருந்தோடு, வீட்டில் காட்டமான வாசனை எதுவும் வேண்டாம், எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனியுங்கள் என்று டாக்டரம்மா சொன்னார்கள்.

நான் கவனித்தேன் ஐயா. வீட்டில் இருந்த பாட்டில் அத்தனையும் எடுத்துக் கட்டில்மேல் வரிசையாக வைத்தேன். பதினொன்று இருந்தது. பினாயில், பாத்ரூம் ஆசிட், கண்ணாடி துடைக்கும் நீலத் தண்ணீர், கொசுவுக்கு ஒன்று, துணி வாசனைக்கு ஒன்று, அறை வாசனைக்கு ஒன்று, இப்படி. இரண்டு அறை உள்ள வீட்டுக்குப் பதினொரு பாட்டில். வாரம் ஒன்றாக நிறுத்திப் பார்த்தேன். குழந்தை இருமிய ராத்திரிக்கு மறுநாள் காலண்டர் தாளில் 'இ' என்று எழுதுவேன். ஜனவரியில் பத்தொன்பது 'இ'. அறை வாசனையை நிறுத்தியதும் குறைந்தது. பினாயிலை நிறுத்தியதும் இன்னும் குறைந்தது.

எல்லாம் ஒரே அடியில் சரியாகிவிடவில்லை. பூந்திக்கொட்டையில் துணி துவைத்தேன், டெரிக்கின் வெள்ளைச் சட்டை மஞ்சளாகிவிட்டது. அம்மா, ஆபீஸில் எல்லாரும் என்னை மாம்பழம் என்கிறார்கள் என்றான். அதனால் காலருக்கும் கைக்கும் இன்றைக்கும் பார் சோப்புதான். பாத்திரத்துக்குப் பீர்க்கங்காய் நார் நன்றாக இருக்கிறது. பிசுக்குப் பாத்திரத்துக்கு அது போதாது, தேங்காய் நார் வேண்டும். எது ஆகும், எது ஆகாது என்று பார்த்துத்தான் வைத்துக்கொண்டேன். பச்சை இலை படம் போட்டிருக்கிறது என்பதற்காக எதையும் வாங்கவில்லை. இப்போது என் வீட்டில் இருப்பது மூன்று பாட்டில், ஒரு சோப்பு.

4. வீட்டில் சரியாகியும் ஏப்ரலில் பதினாலு 'இ' வந்தது. எனக்குப் புரியவில்லை. எங்கள் தெருக்கோடியில் ஸ்வர்ணா டீச்சர் நடத்தும் குழந்தைகள் காப்பகத்தில்தான் நோரா பகலில் இருக்கிறாள். ஐரினும் டெரிக்கும் வேலைக்குப் போகிறவர்கள். ஒருநாள் மத்தியானம் அங்கே போய் நின்றேன். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையைப் பினாயில் போட்டுத் துடைக்கிறார்கள். ஈரம் காய்வதற்குள் பாய் விரித்து இருபத்திரண்டு பிள்ளைகளையும் தூங்க வைக்கிறார்கள். துடைக்கிறவள் நின்றுகொண்டு துடைத்துவிட்டுப் போய்விடுகிறாள். பிள்ளை அந்தத் தரையில் மூக்கை வைத்து இரண்டு மணி நேரம் படுக்கிறது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை. நானும் அப்படித்தான் துடைத்தேன். ஒரு நர்சிங் ஹோமில் இருபத்தாறு வருடம் தரை துடைத்தவள் நான். பினாயில் வாசம் வந்தால்தான் துடைத்தது என்று சூப்பர்வைசர் நினைப்பார், வாசம் வரட்டும் என்று நாங்களும் ஒரு கை கூட ஊற்றுவோம். என் இரண்டு உள்ளங்கையும் தோல் உரிந்தது, அதற்கு யாரும் ஒருநாள்கூட லீவு கொடுத்ததில்லை. தரையைப் பற்றி எனக்குத் தெரியும் ஐயா.

5. ஜூன் முதல் காப்பகத்துக்கு என் தண்ணீர்தான். ஒரு பைசா வாங்குவதில்லை. பாட்டிலும் புதிதாகக் கிடையாது, அவரவர் வீட்டுக் காலி பாட்டிலைக் கொண்டுவந்து நிரப்பிக்கொள்ள வேண்டும். இது எல்லாக் கிருமியையும் கொல்லும் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. பிள்ளை வாந்தி எடுத்தால், வயிற்றுப்போக்கு என்றால், பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு பிளீச்சிங் பவுடர் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள் என்று நானே டீச்சரிடம் சொல்லியிருக்கிறேன். தினப்படி அழுக்குக்கு இது போதும் என்பதுதான் என் பேச்சு. ஜூலையில் மூன்று 'இ'. அதிலும் இரண்டு மழையில் நனைந்ததால் வந்தது.

6. இனி என் தப்பைச் சொல்கிறேன். தொண்ணூறு நாள் ஆகாமல் யாருக்கும் ஒரு சொட்டும் தருவதில்லை என்பது என் கண்டிப்பு. அடுத்த வீட்டு அம்புஜம், ஓசூரிலிருந்து அக்கா வீட்டார் ஒன்பது பேர் வருகிறார்கள், உங்கள் தண்ணீரில் துடைத்தால் வீடு என்னமாய் இருக்கும், என் அக்காவுக்கும் காட்ட வேண்டும், உங்கள் கைராசி யாருக்கு வரும் என்றாள். அந்தப் பேச்சில் நான் இளகிவிட்டேன். செப்டம்பர் பதினாலாம் தேதி போட்ட டிரம்மிலிருந்து, நாற்பத்து மூன்றாம் நாளே ஒரு கண்ணாடி பாட்டில் நிரப்பிக் கொடுத்தேன். மூடியை இறுக்காதே என்று சொல்ல மறந்தேன். அவள் நல்லபடியாக இறுக்கி அடுப்புக்கு மேல் பலகையில் வைத்தாள். நவம்பர் இரண்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, விருந்தாளிகள் இலையில் உட்கார்ந்த நேரம் அது வெடித்தது. ஆண்டவர் கிருபையால் யாருக்கும் அடியில்லை. சோற்றுப் பானையில் கண்ணாடி விழுந்து ஒன்பது பேர் சோறும் வீணாயிற்று. நான் வேறு சோறு வடித்துக் கொண்டுபோய்ப் போட்டேன். அம்புஜம், உங்கள் தண்ணீருக்கு உங்களைவிடக் கோபம் அதிகம் என்றாள். அவள் பயந்து உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்தது நியாயம். அதற்காக அவள்மேல் எனக்கு வருத்தமில்லை. என்மேல் நீங்கள் நடவடிக்கை எடுப்பதானால் இந்த ஒரு தப்புக்கு எடுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

7. ஆனால் செவ்வாய்க்கிழமை வந்த உங்கள் ஊழியர்கள் பாட்டிலைப் பற்றிக் கேட்கவில்லை. மூடியைத் திறந்து முகர்ந்தார்கள். மூட்டையில் எட்டு கிலோ வெல்லத்தைப் பார்த்தார்கள். அஜ்ஜி, ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று ஒருவர் கேட்டார். தெருவே சிரித்தது. முதல் மாதம் இதில் புளித்த கள் போல வாசம் வரும் என்பது உண்மை. அதை நான் அப்போதே சொன்னேன், இப்போதும் எழுதித் தருகிறேன். மூன்றாம் மாதம் அது வினிகர் மாதிரிப் புளிப்பாகிவிடும். அவர்கள் முகர்ந்தது சிவப்பு மூடி. பழைய டிரம்களின் நீல மூடி நாலையும் முகர்ந்து பாருங்கள் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. சாராயம் போன்ற திரவம் என்று எழுதி, அந்தத் தாளின் படியை என் கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஐயா, என் வீட்டுக்காரர் குடித்துச் செத்தவர். அதற்குமேல் நான் இதைப் பற்றி எழுத விரும்பவில்லை. அந்தத் தாள் இன்னும் என் கதவில் இருக்கிறது. கிழித்தால் குற்றம் என்று போட்டிருப்பதால் நான் கிழிக்கவில்லை. கோவிலுக்குப் போகும்போதும் வரும்போதும் அதைத் தாண்டித்தான் போகிறேன்.

8. அந்தத் தாள்தான் காப்பகத்தையும் தடுத்துவிட்டது. நான்கு பிள்ளைகளின் பெற்றோர் ஸ்வர்ணா டீச்சரிடம் வந்து, சாராயத்திலா துடைக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். டீச்சர் என்னிடம் கண்கலங்கி, எனக்கு உங்கள்மேல் நம்பிக்கை இருக்கிறது, ஆனால் என் கையில் ஒரு காகிதம் வேண்டும் ஆன்ட்டி என்றார். புதன்கிழமை பன்னிரண்டாம் தேதி வரை காத்திருக்கிறேன் என்றார். அதற்குள் உங்கள் அலுவலகத்துக் காகிதம் வராவிட்டால் வியாழக்கிழமை மத்தியானம் பினாயில்தான். அப்படியானால் நோராவை அங்கே படுக்க விட மாட்டோம். ஐரின் வேலையை விட வேண்டும். எனக்கு முழங்கால் போய்விட்டது. நாலு வயதுப் பிள்ளையின் பின்னால் நாள் முழுக்க ஓட என்னால் ஆகாது, இல்லையென்றால் இந்த மனுவே தேவையில்லை.

9. ஆகவே நான் கேட்பது:

சிவப்பு மூடியை இன்றே தளர்த்துங்கள். நீல மூடியில் ஒன்று ஆகஸ்ட் பத்தாம் தேதி போட்டது. வரும் எட்டாம் தேதி சனிக்கிழமையோடு அதற்குத் தொண்ணூறு நாள் முடிகிறது. மூடியில் தேதி எழுதி ஒட்டியிருக்கிறேன். அதிலிருந்து ஒரு பாட்டில் எடுத்து எந்தப் பரிசோதனைக் கூடத்துக்கு வேண்டுமானாலும் அனுப்புங்கள். அதே சமயம் காப்பகத்துப் பினாயில் டப்பாவிலிருந்தும் ஒரு பாட்டில் அனுப்புங்கள். இரண்டு முடிவையும் சேர்த்து ஒரே தாளில் எழுதி டீச்சருக்கும் எனக்கும் கொடுங்கள். என்ன வந்தாலும் நான் ஒப்புக்கொள்வேன். என் தண்ணீர் பிள்ளைகளுக்கு ஆகாது என்று வந்தால், டிரம் ஆறையும் நானே உங்கள் முன்னால் சாக்கடையில் கொட்டிவிட்டு வேறு வழி பார்ப்பேன். சாராயம் இல்லை என்று வந்தால், எந்தக் கையால் தாளை ஒட்டினார்களோ அந்தக் கையாலேயே வந்து எடுக்க வேண்டும். ஆள் அனுப்பாமல் நீயே கிழித்துக்கொள் என்று சொல்லக் கூடாது. டிரம்களும் திரும்ப வேண்டும்.

டிரம்களோடு போன எட்டு கிலோ வெல்லம் நீங்கள் கொடுத்த கைப்பற்றல் பட்டியலில் இல்லை. எறும்பு தின்றிருக்கும் என்று எடுத்துக்கொள்கிறேன். அதைப் பற்றி நான் கேட்கவில்லை.

10. கடைசியாக ஒன்று. உங்கள் ஊழியர் பட்டியலில் ஒப்புதல் வாங்கும்போது, எழுதத் தெரியுமா என்று என்னைக் கேட்கவில்லை. மைப் பெட்டியைத் திறந்து என் பெருவிரலைப் பிடித்து அழுத்திவிட்டார். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்ததால் நான் கையை இழுக்கவில்லை. நான் ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் நர்சிங் ஹோமில் இருபத்தாறு வருடமும் சம்பள ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டவள். இந்த மனுவின் ஒவ்வொரு எழுத்தும் நானே எழுதியது. இரண்டு நாள் ஆயிற்று. பட்டியலில் உள்ள ரேகையை அடித்துவிட்டு, கீழே உள்ளதை என் ஒப்புதலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

நாளை முதல் தினமும் காலை பத்து மணிக்கு, மூடி திருகும் துணியோடு உங்கள் வாசலில் இருப்பேன். புதன்கிழமை வரை வருவேன். கூப்பிட்டால் உள்ளே வருகிறேன், கூப்பிடாவிட்டால் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன்.

இணைப்பு:
காலண்டர் தாள்கள், ஜனவரி, ஏப்ரல், ஜூலை மாதத்துக்கானவை, நூலில் கோத்தது.
கதவில் ஒட்டிய தாளின் போட்டோ.
கன்னடப் படி.
அம்புஜம் எழுதிக் கொடுத்த கடிதம். பாட்டில் வெடித்ததை மட்டுமே அவள் சொன்னாள் என்பதற்கு.

இடம்: ஜீவனஹள்ளி, பெங்களூரு
நாள்: 6.11.2025

உண்மையுள்ள,
ஆஞ்சலா
(கையெழுத்து. ரேகை அல்ல.)