மாமாவின் தலைப்பாகை

1963 ஜூலை 1, திங்கள்

விடாத மழை. நாற்றுமேடைத் தவறணையில் தேயிலை நாற்றுக்குள் தண்ணீர். இரண்டு ஆட்களை விட்டு வாய்க்கால் வெட்டியது. காலைப் பெரட்டில் வரிசையாக நின்ற ஆட்களின் பெயர் பதியக் குனிந்தேன், தொப்பி விழுந்துவிட்டது. வரிசையில் ஒருத்தி: "கணக்கப்புள்ளைக்கு முன்னுக்கெல்லாம் முடி கொட்டிருச்சு." இன்னொருத்தி: "இருவத்திநாலு வயசுதானடி ஆவுது."

சீப்பில் வந்ததை இன்று எண்ணவில்லை. எண்ணி என்ன ஆகப்போகிறது.

வாங்க: சவர்க்காரம், அம்மாவுக்கு இருமல் மருந்து, டோர்ச் பெட்டரி.

ஜூலை 5, வெள்ளி

கொழும்பு. டாக்டரைப் பார்த்தாயிற்று. வெளிநாட்டில் படித்து வந்தவர். பின்மண்டை முடியை வேரோடு பொட்டுப் பொட்டாகத் தோண்டி முன்னால் நடலாமாம். பின்முடி உதிராத சாதி, எங்கே நட்டாலும் நிற்குமாம். கேட்டதும் கண்ணில் தண்ணீர். வெட்கமாகப் போய்விட்டது.

பிறகுதான் குண்டு. இந்த வயதில் அவசரப்படக் கூடாதாம். வழுக்கை எதுவரை போகும் என்று தெரியாமல் நட்டால், நட்டது மட்டும் நெற்றியில் திட்டாக நிற்கும், அதற்குப் பின்னால் பொட்டல். எடுத்து நடவும் பின்னால் கொஞ்சம்தான் உண்டு. குடும்பத்து ஆண்களின் தலைகளைப் பார்த்து வந்து சொல் என்றார்.

அப்பாவுக்குச் சாகும்வரை நிறைந்த முடி. அம்மா பக்கம் மாமா ஒருவர்தான், இறம்பொடையில் பெரிய கங்காணி. நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் தலைப்பாகையோடுதான் வருவார். அவர் வெறுந்தலையை நான் பார்த்ததே இல்லை.

அவர் மகள்தான் தனம்.

ஜூலை 9, செவ்வாய்

சளி. வேலைக்குப் போகவில்லை. அம்மா: "ஆடி பொறக்கறதுக்குள்ள போயி தனத்தக் கேட்டுட்டு வந்துருவோம். அண்ணன் என்னா இல்லன்னா சொல்லப் போறாரு?"

மாமா இல்லை என்று சொல்ல மாட்டார். தனம்? அவள் என்னைக் கடைசியாகப் பார்த்தபோது நெற்றியில் சுருள் விழும்.

டாக்டர் சொன்னதை அம்மாவிடம் சொன்னேன். யாரிடமும் மூச்சு விடாதே என்றும் சொன்னேன். மாமா தலை நன்றாக இருந்தால் முதலில் ஆபரேஷன், தை மாதம் கல்யாணம். நினைக்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜூலை 14, ஞாயிறு

இறம்பொடை. பஸ்ஸில் அம்மாவுக்கு வாந்தி. போய்ச் சேர்ந்து நான் முகம் கழுவி வருவதற்குள் மாமா குளிக்கக் கிளம்பினார். சுடுதண்ணீர் வாளியை நானே தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

பாகையை அவிழ்த்தார். ஒன்றுமே இல்லை. காதுக்கு மேல் நூல் மாதிரி ஒரு வளையம், அவ்வளவுதான். வாளியைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றேன்.

"பொண்ணு பாக்க வந்தியா மாப்புள, என் மண்டையப் பாக்க வந்தியா?"

அம்மா வந்த உடனேயே எல்லாம் கொட்டிவிட்டாள். டாக்டர், ஆபரேஷன், ஒன்று விடாமல்.

"எனக்கு இருவத்தஞ்சுல போனது. எங்கய்யாவுக்கும் இப்புடித்தான். இதுக்குப் போயி மண்டையத் தோண்டுவாங்களா?" சிரிக்கிறார். நானும் சிரித்தேன். செத்துவிடலாம் போல இருந்தது.

சாப்பாட்டில் உட்கார்ந்ததும் தொப்பியைக் கழற்றச் சொன்னார். கழற்றினேன். தனம் சோறு வைத்தாள், ரசம் ஊற்றினாள். இலையை மட்டுமே பார்த்தாள்.

ஜூலை 15, திங்கள்

மழை இல்லை. நாற்று தப்பிவிட்டது. டாக்டருக்குக் கடிதம் எழுத உட்கார்ந்து இரண்டு வரியோடு கிழித்துப் போட்டேன். இனி அங்கே போவதில் அர்த்தமில்லை.

நேற்று கை கழுவப் போனபோது அடுப்படியில் அத்தை தனத்திடம் சம்மதம் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்னது: "சரின்னே சொல்லிருங்கம்மா. நானும் வேணாமுன்னா மச்சான் எங்க போவாரு? பாவம்."

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. லயத்து வீடுகள் பூராவும் சொல்லியாயிற்று. ஆவணியில் முகூர்த்தம்.

தனம் வேண்டாம் என்றே சொல்லியிருக்கலாம்.