என் பெயரை எடுத்துவிடுங்கள்

செவ்வாய்க்கிழமை.

கோபம் இன்னும் ஆறவில்லை. பல நாட்டு சிவில் இன்ஜினியரிங் மாணவர்களுக்கும் பொதுவான கம்ப்யூட்டர் பாடத்திட்டம் தயாரிக்கும் குழுவில், மைசூரிலிருந்து நானும் எங்கள் துறைத் தலைவர் ரங்கராஜன் சாரும் இருக்கிறோம். இன்றைய ஆன்லைன் கூட்டத்தை நடத்தியவர் நயமாகச் சொன்னார்: புரோகிராம் எழுதுவது பெரிய பல்கலைக்கழகங்களுக்கு; உங்களைப் போன்ற கல்லூரிகளுக்குப் பிறர் எழுதிய சாஃப்ட்வேரை இயக்கத் தெரிந்தால் போதும்.

சார் மைக்கை அணைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "சும்னே, பேசாம ஒத்துக்கோம்மா வனஜா. காலேஜுக்குப் பேர் வருது."

"முடியாது சார். பாலம் தாங்கும்னு கம்ப்யூட்டர் சொன்னா, எப்படின்னு கேக்க நம்ம பசங்களுக்குத் தெரிய வேணாமா?"

மைக்கை நானே போட்டேன். எல்லோருக்கும் ஒரே பாடம், இல்லையென்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றேன். பிறகு கென்யாவிலிருந்து ஒரு பேராசிரியை, "என் பெயரையும்" என்றார். அவரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. முடிவைத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

சார் என்னிடம் சொல்லிக்கொள்ளாமலே கிளம்பிவிட்டார். குழுவிலிருந்து என்னை நீக்கச் சொல்வாரோ என்னவோ. சொல்லட்டும். காலை வகுப்பில் நான் புரோகிராம் எழுதத்தான் சொல்லித்தரப் போகிறேன்.