கடைசி ஆமென்

மார்ச் 4

என் பிடிவாதக்கார அண்ணனுக்கு,

போனை எடுக்காவிட்டால் விட்டுவிடுவேன் என்று நினைத்தாயா? மூட்டுவலி எப்படி இருக்கிறது? தைலம் தேய்க்கிறாயா?

மூன்று மொழிக்காரர்களும் ஒரே ஆராதனைக்கு வர ஆரம்பித்து ஆறு மாதம்தான் ஆகிறது. பரமண்டல ஜெபத்தை அவரவர் மொழியில் ஒன்றாகச் சொல்வோம், முந்தி முடிப்பவர்கள் காத்திருப்போம் என்று முடிவெடுத்தபோது நீயும்தான் கை தூக்கினாய். போன மாதம் பேக்கரி அம்மா தன் மொழியில் பாதி ஜெபத்தில் இருக்கும்போதே ஆர்கனை முழக்கிவிட்டாய். அவர் வாய் அப்படியே நின்றுபோனதைப் பாடகர் வரிசையிலிருந்து பார்த்தேன். மறுவாரம் அவர்கள் மொழிக்காரர் ஒருவரும் வரவில்லை. போதகர் காரணம் கேட்டதற்கு, நீ ஆர்கன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினாய்.

இப்போது தனி ஆராதனை வேண்டும் என்று அவர்கள் மனு கொடுத்திருக்கிறார்கள். ஒரு மன்னிப்புக் கேட்டால் குறைந்தா போய்விடுவாய்?

உன்மேல் கோபமாக இருக்கும்
தங்கை

மார்ச் 9

அன்புத் தங்கச்சிக்கு,

தைலம் தேய்க்கிறேன். மூட்டு தேவலை.

வேண்டுமென்று செய்தேன் என்று நீயுமா நினைத்தாய்? ஆர்கனில் உட்கார்ந்தால் சபைக்கு என் முதுகுதான். பலமாக ஒரு ஆமென் கேட்டது, வாசித்துவிட்டேன். அந்த அம்மாவின் குரல் எனக்குக் கேட்கவே இல்லை. உன் அண்ணிக்குக்கூடத் தெரியாது: ஒரு வருடமாகக் காது மந்தம். செவிடன் என்று பேர் வாங்குவதைவிடத் திமிர் பிடித்தவன் என்ற பேர் மேல் என்று இருந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்லாதே.

அண்ணன்

மார்ச் 12

அசட்டு அண்ணனுக்கு,

சொல்லிவிட்டேன். கடிதத்தை மடித்த கையோடு பேக்கரிக்குப் போய்விட்டேன். அந்த அம்மா மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். "காது கேக்கலன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? எங்களை மட்டமா நெனச்சிட்டாருன்னு வீட்ல எல்லாரும் அழுதோமே" என்றார். அப்புறம், "ஞாயித்துக்கிழமை நான் அவர் பக்கத்துல நிக்கறேன். முடிஞ்சதும் தோள்ல தட்டறேன். அதுக்கு முன்னாடி ஆர்கன் கட்டைல கை வெச்சா பாத்துக்கறேன்" என்றார்.

போதகரிடமிருந்து ஆர்கன் சாவியை வாங்கி இந்த உறையில் வைத்திருக்கிறேன். பத்து மணிக்கு ஆராதனை.

தங்கை

மார்ச் 18

என் ஓட்டைவாய்த் தங்கைக்கு,

மூன்று நாள் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் வந்தேன்.

நேற்று நடந்ததில் உனக்குத் தெரியாதது ஒன்று உண்டு. ஜெபத்தை முடித்து அந்த அம்மா வாயை மூடிவிட்டார். ஆனால் தோளில் தட்டவில்லை. என்ன என்று திரும்பினேன். பின்வரிசையைக் காட்டினார். நம்ம எலக்ட்ரீஷியனின் அப்பா. பக்கவாதம் வந்ததிலிருந்து வாய் குழறும் அல்லவா, அவர் உதடு இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நம் மொழிதான், நம் ஜெபம்தான். இரண்டு வருடமாக ஒவ்வொரு ஞாயிறும் அவரைப் பாதியில் விட்டுவிட்டு வாசித்திருக்கிறேன். என் காது நன்றாக இருந்தபோதும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. முதல் வரியில் ஸ்வரம் பிசகியது அதனால்தான்.

பெரியவர் ஆமென் சொல்லி முடித்தார். அப்புறம்தான் தோளில் தட்டு விழுந்தது, நல்ல பலமாக.

மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டார்களாம், போதகர் சொன்னார். வியாழக்கிழமை காது டாக்டரைப் பார்க்கப் போகிறேன். நீயும் கூட வா. அவர் சொல்வது யாராவது ஒருவருக்குக் கேட்க வேண்டுமே.

உன் அண்ணன்