குணம் என்ற கட்டம்

சிவகாசி,
12.8.2004

அன்பு மகள் மாரீஸ்வரிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். அங்கே புனேயில் நீ நலமாக இருப்பதை அம்மா சொல்லித்தான் தெரிந்துகொள்கிறேன். போனில் என் குரல் கேட்டதும் நீ வைத்துவிடுகிறாய். கடிதம் என்றால் தூக்கிப் போடுவதற்குள் நாலு வரியாவது கண்ணில் படும். அந்த நம்பிக்கையில்தான் எழுத உட்கார்ந்தேன்.

ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் மாதிரிகளின் ஆல்பம் போட்டாயிற்று. ஆர்டர் பரவாயில்லை. தினசரி காலண்டர்த் தாளின் பின்பக்கம் சும்மாதானே கிடக்கிறது, அதில் தினம் கொஞ்சமாக ஒரு கதை போடலாம் என்று நீ ஒருமுறை சொன்னாய். கதை தெரிந்துகொள்கிற ஆசையில் ஜனங்கள் பொங்கலுக்குள் டிசம்பர் வரைக்கும் கிழித்துவிடுவார்கள் என்று சொல்லிச் சிரித்தேன். இந்த வருஷம் சென்னை வியாபாரி ஒருவர் புதுசாக ஏதாவது இருக்கிறதா என்று கேட்டபோது, சொல்ல ஒன்றும் இல்லாமல் முழித்தேன்.

மழை இல்லை. பட்டாசுக்காரர்களுக்குக் கொண்டாட்டம், நமக்குத்தான் குடிதண்ணீர்ப் பாடு. அம்மாவுக்கு மூட்டுவலி இருக்கிறது. நீ கேட்டால் இல்லை என்பாள், நம்பாதே.

போன வருஷம் விருதுநகர் மண்டபத்தில் நடந்த வரன் கூட்டத்தைப் பற்றி நாம் பேசவே இல்லை. சொந்த அச்சகம் இருக்கிற திமிரில் உன் விவரத்தை வழவழ தாளில் நானூறு பிரதி அடித்தேன். பெயர், நட்சத்திரம், படிப்பு எல்லாம் சரி. குணம் என்ற கட்டத்தில் மட்டும், அடக்கமானவள், சாது, அதிர்ந்து பேசமாட்டாள் என்று போட்டேன். மட்டமான பேப்பர் ஏற்றி வந்த லாரியை வாசலில் மறித்து லோடோடு திருப்பி அனுப்பியவளைப் பற்றி இப்படி அடிக்க எனக்கு எப்படிக் கை வந்ததோ தெரியவில்லை.

நீ மேடை ஏறி மைக்கை வாங்கி, "இந்தத் தாள்ல இருக்கிறது நான் இல்லைங்க. எங்க அப்பா வேற யாருக்கோ மாப்பிள்ளை தேடுறாக" என்றாய். மண்டபமே சிரித்தது. அவமானம் தாங்காமல் நான் அத்தனை பேர் முன்னாலும் உன்னைக் கோட்டிக் கழுதை, கிறுக்கி என்று கத்தினேன். அடுத்த வாரம் நீ புனேக்கு ரயில் ஏறிவிட்டாய்.

பெற்றவனே தொடங்கி வைத்தபின் ஊர் சும்மா இருக்குமா? உன் அத்தை கருப்பம்மாள் "அது ஒரு மாதிரி" என்கிறாள். பஜாரில் எடக்குப் பிடித்தவள் என்கிறார்கள். அடங்காப்பிடாரி என்று பங்காளி வீட்டில் பேசியதும் காதில் விழுந்தது. அய்யாதுரை மகன் தன் அப்பாவின் தீப்பெட்டிக் கம்பெனியை உதறிவிட்டு ராஜபாளையம் நாய் வளர்த்துக்கொண்டிருக்கிறான். அவனை மட்டும் புதுசாக யோசிக்கிற பையன் என்கிறார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

போன ஞாயிறு, ஆடி என்றும் பார்க்காமல், சாத்தூரிலிருந்து ஒரு நல்ல குடும்பம் உன்னைப் பற்றி விசாரிக்க அச்சகத்துக்கே வந்தது. உன்னைக் கேட்காமல் எதையும் பேசி முடிப்பதாக இல்லை, அதற்காகக் கோபப்படாதே. பெரியவர், "பொண்ணு குணம் எப்படிங்க?" என்றார். மீதிப் பிரதிகளில் ஒன்றை எடுத்துக் கொடுக்கும்படி அம்மா ஜாடை காட்டினாள். எடுத்தேன், நீட்ட முடியவில்லை. வேறு சொல் தேடினேன். வித்தியாசமானவள் என்றால் ஏதோ நோய் இருப்பதுபோல் தொனிக்கிறது. தைரியசாலி என்றால் போலீஸ் வேலைக்குச் சிபாரிசு செய்வதுபோல் இருக்கிறது. எந்தச் சொல்லுக்குள்ளும் நீ அடங்கவில்லை, மாரி.

அதனால் நடந்ததைச் சொன்னேன். ஒன்பது வயதில் இருக்கன்குடி கோயிலில் நேர்த்திக் கிடாயை அவிழ்த்து விட்டுவிட்டு, ஆத்தாளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நீ நின்றதைச் சொன்னேன். பைண்டிங் பெண்களின் தலைக்கு மேல் ஃபேன் மாட்டும்வரை என் அறை ஃபேனைக் கழற்றி ஒளித்து வைத்ததையும் சொன்னேன். சொல்லச் சொல்ல எனக்கே சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. பெரியவர் பொறுமையாகக் கேட்டார். "நல்ல பிள்ளைதாங்க, ஆனா எங்க வீட்டுக்குத் தாங்காது" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். பில் வாங்க வந்து ஓரமாக உட்கார்ந்திருந்த பேப்பர் கடை ஜெய்லானி, "இன்னைக்குத்தாண்ணே உங்க மகளைப் பத்திச் சரியாச் சொன்னீக" என்றார்.

அம்மா அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. சாப்பாட்டில் உப்பும் இல்லை. ஆனால் எனக்கு மனசு நிறைந்திருக்கிறது. மீதிப் பிரதிகளைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டேன்.

மாரி, நான் உன்னைப் பார்த்துக் கத்தியது தப்பு. அதைவிடப் பெரிய தப்பு, உன்னைச் சாது என்று அடித்தது. கோபத்தில் சொன்னது வாய் தவறி வந்தது. இதை நான் நிதானமாக உட்கார்ந்து, இரண்டு தடவை புரூஃப் பார்த்து அடித்தேன். எனக்கு உன்னைப் பார்த்துக் கொஞ்சம் பயமாக இருந்தது, கூடவே பெருமையாகவும் இருந்தது. பெருமையை எங்கேயும் அச்சடிக்கவில்லை. அப்பாவை மன்னித்துவிடு.

தீபாவளிக்கு வர முடிந்தால் வா. முடியாவிட்டால் ஒரு கார்டு எழுது. நலம் விசாரித்துத்தான் எழுத வேண்டும் என்று இல்லை. பத்து மாதமாக உன்னிடமிருந்து எனக்கு ஒரு சொல்கூட வரவில்லை. என்னைத் திட்ட உனக்கு எந்தச் சொல் சரியாகப் படுகிறதோ, அதையே எழுது. உன் கையெழுத்தில் என்னவாக இருந்தாலும் சரி.

இருக்கன்குடி ஆத்தாள் உன் கூடவே இருப்பாள்.

உன் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்
அப்பா,
காசிராஜன்